பதினொரு செட் ஸ்கொயர்

தச்சர்: நான் இன்னும் கதவைத் தட்டவே இல்லையே. அதுக்குள்ள நான்தான்னு எப்படித் தெரிஞ்சுது?

மைக்ரான்: பாதிப் படியில நின்னு, ரெண்டு தடவை இருமிட்டு, மறுபடி ஏறுற ஆள் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். உள்ளே வாங்க. செருப்பை நடு வழியில விடாதீங்க.

தச்சர்: ஒன்பது வருஷம் கழிச்சு வீடு தேடி வர்ற புருஷனுக்கு முதல் வரவேற்பே செருப்பு!

மைக்ரான்: ஓரமா விட்டீங்களா?

தச்சர்: விட்டேன், விட்டேன்.

மைக்ரான்: சுவரை ஒட்டி?

தச்சர்: சுவரை ஒட்டி, ரெண்டும் இணையா, இம்மி பிசகாம. போதுமா? அளவு சரிபார்க்கிற வேலையில மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கைக்கூட விடமாட்டன்னுதானே ஃபேக்டரியில உனக்கு மைக்ரான்னு பேர் வச்சாங்க.

மைக்ரான்: பேர் வச்சவங்கள்ல பாதிப் பேர் போய்ச் சேர்ந்தாச்சு. அதைச் சொல்லிக் கூப்பிட இப்ப நீங்க ஒருத்தர்தான் மிச்சம்... மூணு மணிக்கு வர்றேன்னு சொன்னீங்க.

தச்சர்: வந்துட்டேனே.

மைக்ரான்: இப்ப மணி என்ன?

தச்சர்: எதிர்லயே கடிகாரம் மாட்டியிருக்கு, என்னைக் கேக்குறியே.

மைக்ரான்: ...அது நின்னுபோச்சு.

தச்சர்: ஓடுதே. மூணுக்கு இன்னும் ரெண்டு நிமிஷம் இருக்கு.

மைக்ரான்: அப்ப திரும்ப ஓட ஆரம்பிச்சிருக்கும். நீங்க சொன்ன நேரத்துக்கு வந்தா செத்த கடிகாரத்துக்குக்கூட உசுரு வரும்.

தச்சர்: ஆரம்பிச்சிட்டியா...

மைக்ரான்: உக்காருங்க. அந்த நாற்காலி இல்லை, அது என்னோடது. சன்னலுக்கு இந்தப் பக்கம். பையில என்ன, கடகடங்குது?

தச்சர்: செட் ஸ்கொயர். பதினொண்ணு.

மைக்ரான்: பதினொண்ணா? பள்ளிக்கூடம் எதுவும் ஆரம்பிக்கிறீங்களா?

தச்சர்: கிண்டலை அப்புறம் வச்சுக்கலாம். மூலை நேரா இருக்கான்னு பார்க்கிற என் மூலைமட்டம் இருக்கே, அது பட்டறையில சிமெண்டுத் தரையில விழுந்துடுச்சு. பார்த்தா ஒண்ணும் ஆகலை. துடைச்சு எடுத்து, ஒரு வாரம் முழுக்க அதை வச்சே கோடு போட்டு அறுத்திருக்கேன். மருந்துக்கடைக்கு ஒரு அலமாரி. உள்ளங்கை அகலத்துக்குச் சின்னச் சின்ன டிராயரா அறுபது. பதினாலு செஞ்சு முடிச்சுட்டு உள்ளே தள்ளிப் பார்த்தா...

மைக்ரான்: போகலை.

தச்சர்: பாதி போகலை. போனது வெளியே வரலை.

மைக்ரான்: மூலை கோணிடுச்சு. சட்டம் அசைஞ்சிருக்கும்.

தச்சர்: அதான். புதுசா ரெண்டு மூலைமட்டம் வாங்கினேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சா ஒண்ணுக்கொண்ணு ஒத்துக்கவே மாட்டேங்குது. நம்மளைப் போல.

மைக்ரான்: அதுல எது சரி?

தச்சர்: அதுதான் யாருக்கும் தெரியலை. நம்மளைப் போல.

மைக்ரான்: ...ம். மேலே சொல்லுங்க.

தச்சர்: வரைபடம் போடுற செட் ஸ்கொயர்ல துல்லியமா ஒண்ணு கிடைச்சா போதும், மூலைமட்டத்தை அதை வச்சுச் சரிபார்த்துக்கலாம்னு ஒருத்தன் சொன்னான். பிளாஸ்டிக்கை நம்பி அறுபது டிராயரான்னு நான் சிரிச்சேன்.

மைக்ரான்: சிரிக்க ஒண்ணும் இல்லை. அவர் சொன்னது சரி. அச்சு நல்லா இருந்தா அதுல வர்ற ஒவ்வொண்ணும் நல்லா இருக்கும். கீழே விழுந்தா உடையும், ஆனா கோணாது.

தச்சர்: உடையும், கோணாது. இந்த மாதிரி ஒருத்தியோட இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கேன்.

மைக்ரான்: பையைக் கொட்டுங்க.

தச்சர்: பள்ளிக்கூடப் பசங்க வாங்குற கடையில நாலு. வரைபடச் சாமான் விக்கிற பெரிய கடையில அஞ்சு. பழைய சாமான் கடையில ரெண்டு, அது நல்ல கனம். பாரு, ஆரஞ்சுக் கலர் விளிம்பெல்லாம் போட்டு என்ன அழகு.

மைக்ரான்: அழகை வச்சு டிராயர் ஓடாது. ஒவ்வொண்ணா கையில கொடுங்க... இதை எங்கே வாங்கினது?

தச்சர்: முதல் கடை.

மைக்ரான்: வெயில் படுற மாதிரி கண்ணாடிப் பெட்டிக்குள்ள அடுக்கி வச்சிருந்தானா?

தச்சர்: ஆமா... எப்படிச் சொல்ற?

மைக்ரான்: மேஜைக் கண்ணாடி மேல வச்சு மூலையைத் தட்டுங்க. டக்டக்குன்னு ஆடுதா?

தச்சர்: அட, ஆமா.

மைக்ரான்: வளைஞ்சிருக்கு. தூரப் போடுங்க. அடுத்தது... இதுவும் ஆடும். அடுத்தது... இது பரவாயில்லை. இந்த விளிம்புல பிசிறு ஒண்ணு நிக்குது பாருங்க.

தச்சர்: எங்கே? எனக்கு ஒண்ணும் தெரியலையே.

மைக்ரான்: இதோ, என் கட்டை விரல் இருக்கிற இடத்துல. அச்சுலேர்ந்து உடைச்சு எடுத்த தடம். இது இருக்கிற வரைக்கும் ஸ்கேல் மேல ஒட்டி உக்காராது. நைசான அரத்தால ஒரு இழுப்பு இழுத்தா போயிடும். வச்சுக்கலாம்.

தச்சர்: என் கண்ணுக்குத் தெரியாத பிசிறு...

மைக்ரான்: டீ போடட்டுமா?

தச்சர்: நான் போடுறேனே.

மைக்ரான்: என் அடுப்படியில எதையும் இடம் மாத்தக் கூடாது. நீங்க உக்காந்து, கோடு போட்டுப் பார்க்க ஒரு அட்டையை எடுத்து வைங்க. மேல் டிராயர்ல என் ஸ்டீல் ஸ்கேல் இருக்கும், இடது பக்கம், துணி சுத்தி.

தச்சர்: எடுத்தாச்சு... ரிட்டயர் ஆகி எத்தனை வருஷம், இன்னும் எண்ணெய் போட்டு வச்சிருக்கே.

மைக்ரான்: எனக்கு வேற என்ன வேலை?

தச்சர்: ...ஏய், கப்புக்குள்ள எதுக்கு விரலை விடுற? சுடப் போகுது!

மைக்ரான்: அளவு பார்க்கிறேன். மைக்ரான் இல்லையா, எல்லாத்தையும் அளக்கணும்.

தச்சர்: வெறும் டீயை?

மைக்ரான்: குடிங்க. வாய் மூடிக்கிட்டுக் குடிக்க முடியுதான்னு பார்ப்போம்.

தச்சர்: நல்லா இருக்கு... தனியா எனக்கு டீ போட வரவே மாட்டேங்குது. ஒரு ஆளுக்குன்னு போட்டா தண்ணியா போகுது. ரெண்டு ஆளுக்குப் போட்டு மீதியைக் கொட்டுறேன்.

மைக்ரான்: ரெண்டாவது கப்பையும் குடிச்சுட வேண்டியதுதானே.

தச்சர்: குடிக்கலாம்... ஆறிப்போன பிறகுதான் நினைப்பு வருது.

மைக்ரான்: ...சரி. வேலையைப் பார்ப்போம். அட்டையோட விளிம்புல ஸ்கேலை ஒட்டி வைங்க. செட் ஸ்கொயரை அதுமேல நிறுத்தி, ஒரு கோடு. அப்புறம் செட் ஸ்கொயரை அப்படியே மறுபக்கமா திருப்பிப் போட்டு, அதே புள்ளியிலேர்ந்து—

தச்சர்: இன்னொரு கோடு. ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு விழுந்தா மூலை சரி. மேல போகப் போக விலகினா, விலகுறதுல பாதி அதோட தப்பு. தெரியும்.

மைக்ரான்: தெரியுமா? அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்தீங்க?

தச்சர்: ...என் கண்ணுக்கு எல்லாமே சரியாத்தான் தெரியுது. உன் கண்ணு வேணும்.

மைக்ரான்: பென்சில் வேண்டாம்.

தச்சர்: பின்னே?

மைக்ரான்: பென்சில் கோட்டுக்குத் தடிமன் இருக்கு. அதுக்குள்ளயே கால் மில்லி ஒளிஞ்சுக்கும். உங்க கோடு போடுற கத்தி இருக்குல்ல, அதால அட்டையில லேசா கீறுங்க.

தச்சர்: சரிங்கம்மா... ஒண்ணு. திருப்பியாச்சு. ரெண்டு. இந்தா.

மைக்ரான்: ...ம்.

தச்சர்: கண்ணை மூடிக்கிட்டு நகத்தால தடவுறியே?

மைக்ரான்: நகம் பொய் சொல்லாது. இதோ, கீழே ஒரு தடவை தடுக்குது. நடுவுல வந்தா ரெண்டு தடவை. உச்சியில ரெண்டுக்கும் நடுவே நல்லாவே இடைவெளி. இது ஆகாது. அடுத்தது.

தச்சர்: இந்தா.

மைக்ரான்: இதுவும் ஆகாது. அடுத்தது.

தச்சர்: இது பெரிய கடையில வாங்கினது, அரை விரல் தடிமன் இருக்கு.

மைக்ரான்: ...இருங்க. அடியிலேர்ந்து உச்சி வரைக்கும் ஒரே தடவைதான் தடுக்குது. இன்னொரு தரம் பார்க்கிறேன்... ஒரே கோடு. இதைத் தனியா வைங்க. இதைச் செஞ்சவன் நல்லா இருக்கணும்.

தச்சர்: நீ இப்படி ஒருத்தரைப் பாராட்டி நான் கேட்டதே இல்லை.

மைக்ரான்: பாராட்டுற மாதிரி யாரும் செஞ்சதில்லை.

வீட்டுக்காரம்மா: அக்கா... அக்கா, உள்ளே வரலாமா? அட, வாங்கண்ணே, வந்துட்டீங்களா!

மைக்ரான்: உனக்கு இவரை எப்படித் தெரியும்?

வீட்டுக்காரம்மா: அது... போட்டோல பார்த்திருக்கேனே. உங்க அலமாரியில கல்யாணப் போட்டோ இருக்குல்ல.

தச்சர்: அதை இன்னுமா வச்சிருக்க?

மைக்ரான்: தூக்கிப் போட மனசு வரலை. ஃபிரேம் நீங்க செஞ்சது. நாலு மூலையும் வாயைத் திறந்துக்கிட்டு நிக்குது, பார்க்க நல்லா சிரிப்பு வரும்.

வீட்டுக்காரம்மா: தபால் வந்திருக்குக்கா. ஆஸ்பத்திரியிலேர்ந்துதான் போல. வழக்கம்போல படிச்சுக் காட்டிட்டுப் போகட்டுமா?

மைக்ரான்: வேண்டாம். அங்கே வச்சுட்டுப் போ.

வீட்டுக்காரம்மா: இல்லக்கா, தேதி ஏதாச்சும் போட்டிருந்தா...

மைக்ரான்: வச்சுட்டுப் போம்மா.

வீட்டுக்காரம்மா: சரிக்கா. படியில விளக்கு மாத்தியாச்சு. கைப்பிடியும் நாளைக்கு வந்து போட்டுடுவாங்க. வரேண்ணே.

தச்சர்: ...வழக்கம்போல படிச்சுக் காட்டுறதா?

மைக்ரான்: கண்ணாடி உடைஞ்சுபோச்சு. புதுசு வரணும். அதுவரைக்கும் அவ படிப்பா. பேச ஆள் கிடைச்சா விடமாட்டா.

தச்சர்: ஆஸ்பத்திரி எதுக்கு?

மைக்ரான்: அறுபது வயசுக்கு மேல எல்லாரும் போறதுதான். ரத்த அழுத்தம், சர்க்கரை, அது இது. அடுத்ததை எடுங்க, பேச்சைக் குறைங்க.

தச்சர்: மக போன வாரம் பேசினா.

மைக்ரான்: என்ன சொன்னா?

தச்சர்: அம்மா வீடியோல வந்தா முகமே தெரியறதில்லை, ஒண்ணு நெத்தி தெரியுது, இல்லைன்னா ஃபேன் ஓடுறது தெரியுதுன்னா. கால் மணி நேரம் ஃபேனோட பேசிட்டு வச்சேன்பான்னு சிரிக்கிறா.

மைக்ரான்: ஃபேன் என்னை விட நல்லா இருக்குல்ல. பார்த்துட்டுப் போகட்டும்.

தச்சர்: சிரிச்சாளே தவிர, குரல் சரியில்லை.

மைக்ரான்: அவ அங்கே பிள்ளையும் வேலையுமா திண்டாடுறா. அவகிட்ட ஒண்ணும் சொல்லித் தொலைக்காதீங்க.

தச்சர்: எதைச் சொல்லித் தொலைக்கக் கூடாது?

மைக்ரான்: ...எதையும். கத்தி எடுங்க.

தச்சர்: எடுக்கிறேன். ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்காதே. நீ கிளம்பிப் போன அன்னைக்கு... நான் வேணும்னு லேட்டா வரலை.

மைக்ரான்: அதை இப்ப எதுக்கு எடுக்குறீங்க?

தச்சர்: அன்னைக்கு ஒரு கட்டில். அவசரமா கொடுக்க வேண்டியிருந்துச்சு. அஞ்சு மணிக்கு வர்றேன்னுதான் கிளம்பினேன்.

மைக்ரான்: அஞ்சு மணிக்கு வர்றேன்னுதான் தினமும் கிளம்புவீங்க. ஏழாகும், ஒன்பதாகும். சன்னல்ல நிப்பேன். தெருவுல வர்ற ஒவ்வொரு தலையையும் நீங்களான்னு பார்ப்பேன். தோளை வச்சு, நடையை வச்சு, தெருமுனையில திரும்பும்போதே நீங்க இல்லைன்னு தெரிஞ்சிடும். அவ்வளவு நல்ல பார்வை எனக்கு. எங்கம்மா ஆஸ்பத்திரியில மூச்சை விட்ட அன்னைக்கும் அப்படித்தான் சன்னல்ல நின்னேன். நீங்க வந்து கூட்டிக்கிட்டுப் போவீங்கன்னு.

தச்சர்: ...தெரியும்.

மைக்ரான்: தெரியாது. நிக்கிறவங்களுக்குத்தான் தெரியும்.

தச்சர்: நீ போன பிறகு நான் நேரத்துக்கு வர ஆரம்பிச்சேன். நம்ப மாட்ட. அஞ்சு மணிக்கு டான்னு பட்டறையைப் பூட்டிடுவேன். வீட்டுக்கு வந்தா... ஒரு ஈ காக்கா இல்லை. நேரத்துக்கு வந்து என்ன பண்றது? திரும்பப் பட்டறைக்கே போயிடுவேன். இப்ப அங்கேயே ஒரு கட்டில் போட்டுக்கிட்டேன்.

மைக்ரான்: மரத்தூள்லயா படுக்கிறீங்க? அதான் இந்த இருமல்.

தச்சர்: மருந்துக்கடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

மைக்ரான்: ...இன்னும் எத்தனை பாக்கி?

தச்சர்: பேச்சுக்கு நடுவுலயே மத்ததெல்லாம் கீறிப் பார்த்தாச்சு, ஒண்ணுதான். பழைய சாமான் கடையில எடுத்தது. மத்ததுல ரெண்டு நல்லதுன்னு சொல்லியிருக்க, ஒண்ணுக்கு அரம் போடணும்.

மைக்ரான்: அதையும் போடுங்க, பார்த்துடலாம்.

தச்சர்: கத்தி முனை போயிடுச்சு. பென்சில்லயே போடுறேன். வெள்ளைத் தாள்ல.

மைக்ரான்: ...பென்சில்லயா?

தச்சர்: நல்லா சீவினதுதான். ஊசி மாதிரி இருக்கு.

மைக்ரான்: சரி, போடுங்க.

தச்சர்: ஒரு கோடு... திருப்பியாச்சு... இன்னொரு கோடு. இந்தா, பாரு.

மைக்ரான்: கொடுங்க. வெளிச்சம் பத்தலை. சன்னல் பக்கமா திரும்பிக்கிறேன்.

தச்சர்: நிதானமா பாரு. அவசரம் ஒண்ணும் இல்லை.

மைக்ரான்: ...இது தேவலை. அடியில ஒண்ணாத்தான் போகுது. பாதிக்கு மேல லேசா விரியுது. உச்சியில கால் மில்லி இருக்கும். அவ்வளவுதான். வேணும்னா வச்சுக்கலாம்.

தச்சர்: கால் மில்லியா?

மைக்ரான்: கால்தான். அரை இருக்காது.

தச்சர்: எத்தனை நாளா இப்படி?

மைக்ரான்: எது எத்தனை நாளா?

தச்சர்: அந்தத் தாள்ல நான் கோடே போடலை. இப்ப வந்துட்டுப் போன வீட்டுக்காரம்மாதான் ஃபோன் பண்ணினாங்க. நீ படியில ரெண்டு தடவை விழுந்தியாம். ரெண்டாவது தடவை விழுந்தப்ப நெத்தியில தையல் போட்டிருக்கு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கினியாம். அவங்களுக்கு என் நம்பர் எப்படிக் கிடைச்சுதுன்னு கேட்டு அவங்களைத் திட்டாதே.

மைக்ரான்: அப்ப மருந்துக்கடை அலமாரி?

தச்சர்: அது நிஜம். மூலைமட்டம் விழுந்ததும் நிஜம், பதினாலு டிராயர் வீணாப்போனதும் நிஜம். என் கண்ணுக்குத் தெரியலைன்னு சொன்னது மட்டும்தான் பொய். நேத்தே எல்லாத்தையும் திருப்பிப் போட்டுப் பார்த்துட்டேன். நல்லது எது, கெட்டது எதுன்னு தெரிஞ்சுதான் வந்தேன்.

மைக்ரான்: நான் சொன்னது சரியா வந்துச்சா?

தச்சர்: கத்தியில கீறினது வரைக்கும் ஒண்ணுகூடத் தப்பலை. அதனாலதான் குழம்பிப்போனேன். வீட்டுக்காரம்மா ஏதோ பெருசுபடுத்துறாங்கன்னு நினைச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு... அந்த ஆஸ்பத்திரிக் கடிதாசு வர்ற வரைக்கும்.

மைக்ரான்: ஒன்றரை வருஷம் ஆச்சு. முதல்ல நேர்க்கோடு நடுவுல நெளிஞ்சு தெரிஞ்சுது. ஸ்கேல்தான் வளைஞ்சுபோச்சுன்னு நினைச்சேன். என் ஸ்கேல்! அதுமேல சந்தேகப்பட்டேனே தவிர, என் கண்ணு மேல சந்தேகம் வரலை.

தச்சர்: டாக்டர் என்ன சொல்றார்?

மைக்ரான்: போனது போனதுதானாம். முழு இருட்டு ஆகாதாம். நடுவுல மட்டும் இருக்காது, ஓரம் தெரியும். எதைப் பார்க்கணும்னு நினைக்கிறேனோ அது மட்டும் இருக்காது. நேரா உங்க முகத்தைப் பார்த்தா, நீங்க இல்லை. சன்னலைப் பார்த்தா, ஓரத்துல நீங்க உக்காந்திருக்கீங்க.

தச்சர்: அதான் வந்ததுலேர்ந்து சன்னலையே பார்த்துப் பேசுறியா? எம்மேல இன்னும் கோவம் தீரலைன்னு நினைச்சேன்.

மைக்ரான்: கோவமும்தான்.

தச்சர்: ...தெரியுறேனா?

மைக்ரான்: வெள்ளைச் சட்டை. தலை நரைச்சு... இல்லை, அது சுவரா? மக கல்யாணத்துல பார்த்ததுதான். அன்னைக்கே நல்லா ஒரு தடவை பார்த்து வச்சிருக்கலாம். வீம்புக்கு மூஞ்சைத் திருப்பிக்கிட்டேன்.

தச்சர்: நரைச்சுதான் போச்சு. பார்க்கிற மாதிரி ஒண்ணும் இல்லை.

மைக்ரான்: மீசை இருக்கா?

தச்சர்: எடுத்துட்டேன்.

மைக்ரான்: நல்லவேளை. அது ஒரு பக்கம் ஏறித்தான் இருக்கும்.

தச்சர்: சிரிக்காதே... நீ சிரிச்சா எனக்கு என்னமோ பண்ணுது. இங்கே பாரு. கால் மில்லி, பாதிக்கு மேல விரியுதுன்னு என்ன அழகா அடிச்சுவிட்ட! முப்பத்தொரு வருஷ வேலையில ஒரு தப்பான அளவுல கையெழுத்துப் போடாதவ நீ. மேனேஜரே வந்து நின்னு கேட்டும் போடாதவ. வெத்துத் தாளைக் கையில வச்சுக்கிட்டு என்கிட்ட எதுக்குடி பொய் சொன்ன?

மைக்ரான்: பென்சில் தாள்ல படவே இல்லைன்னு எனக்கு அப்பவே தெரியும், சத்தமே வரலையே... கண்ணு போச்சுன்னு வாயைத் திறந்து யார்கிட்டயாவது சொல்லணும்னு ஒன்றரை வருஷமா பார்க்கிறேங்க, வரமாட்டேங்குது, அதான் தப்பா ஒரு அளவு சொன்னா நீங்களாவது கண்டுபிடிச்சுக் கேப்பீங்கன்னு சொன்னேன்.